வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டி வந்தால்: வாசகர் கேள்வி – பதில்

ஐப்பசி பிறந்துவிட்டால் கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு கண் வானத்தின் மேலேயே இருக்கும். "வெளியேறச் சொன்னால் எதை எடுப்பது, எதை விடுவது, எப்போது கிளம்புவது" என்று கேட்டு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம். கிளம்பும் நேரத்தைப் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறோம். பை கட்டத் தெரிந்தவர்கள்கூடத் தவறுவது அந்த இடத்தில்தான்.

கேள்வி: 2024இல் புயல் கரையைக் கடந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தோம். அதன் பிறகுதான் ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. எதை வைத்துக் கிளம்புவது என்று முடிவு செய்வது?
– ஒரு வாசகி, தாழங்குடா

பதில்: பெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. திருவண்ணாமலை மாவட்டத்தில் திறந்த தண்ணீர் திருக்கோவிலூரைத் தாண்டித் தென்பெண்ணையில் இறங்கிக் கடைசியில் வந்து சேரும் இடம் உங்கள் ஊர் முகத்துவாரம். வழியில் இருக்கும் ஏரிகளின் உபரிநீரும், காட்டுத் தண்ணீரும் அதோடு சேரும். ஆகவே உங்கள் தலைக்கு மேல் பெய்யும் மழையை வைத்து நீங்கள் முடிவெடுக்கக் கூடாது. இருநூறு கிலோமீட்டருக்குள் மேற்கே என்ன பெய்கிறது, அணையில் என்ன திறக்கிறார்கள் என்பதுதான் உங்களுக்கு முக்கியம். சாத்தனூரின் முழு உயரம் 119 அடி. அணை நிரம்பிய நிலையில் மேலே பெருமழை என்று செய்தி வந்தால், உங்கள் வாசலில் வெயில் அடித்தாலும் பையைக் கட்டத் தொடங்குங்கள்.

ஊருக்குள் பார்க்க வேண்டிய அடையாளங்களும் உண்டு. தெருவிலிருந்து ஆற்றுக்குப் போகும் வாய்க்காலைக் கவனியுங்கள். சாதாரண மழையில் அது ஆற்றுக்குள் வடியும். ஆறு ஏறிவிட்டால் வடியாமல் அப்படியே நிற்கும். பிறகு எதிர்த்து வரும். மிதக்கும் ஒரு சருகு ஆற்றுப் பக்கம் போகாமல் தெருப் பக்கம் நகர்ந்தால், கரை உடையாவிட்டாலும் தண்ணீர் வீட்டைத் தேடி வருகிறது என்று அர்த்தம். கடல் ஏற்றத்தில் இருக்கும்போது இது இன்னும் வேகமாக நடக்கும். முகத்துவாரத்தில் கடல் ஆற்றை உள்ளே தள்ளிப் பிடித்துக்கொள்ளும். பத்திரமான தூரத்தில் ஒரு கம்பை நட்டு, அரை மணிக்கு ஒரு முறை பாருங்கள். நான்கு விரற்கடை ஏறியிருந்தால் காத்திருக்க வேண்டாம்.

ஓடைக் கரையில் இருப்பவர்களுக்கு இவ்வளவு அவகாசம்கூடக் கிடையாது. 2015 நவம்பர் 9 அன்று நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. அன்று பண்ருட்டி அருகே விசூரிலும் பெரியகாட்டுப்பாளையத்திலும் ஓடைத் தண்ணீர் ஆட்களையே அடித்துக்கொண்டு போனது. ஓடைக்கு அணையும் இல்லை, திறப்பு அறிவிப்பும் இல்லை. சிவப்பு எச்சரிக்கை என்றால் 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யக்கூடும் என்று பொருள். ஓடையோரக் குடும்பங்கள் அந்த ஓர் இரவுக்காவது மேட்டுத் தெரு உறவினர் வீட்டுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போய்விட வேண்டும்.

புயலுக்கு அவகாசம் அதிகம். கரையில் மோசமான வானிலை தொடங்க 48 மணி நேரத்துக்கு முன்பே புயல் உஷார் அறிவிப்பும், 24 மணி நேரத்துக்கு முன்பே புயல் எச்சரிக்கையும் வானிலை மையத்திலிருந்து வரும். முதல் அறிவிப்பில் பையைக் கட்டுங்கள்; முதியவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், கைக்குழந்தைகளை அனுப்பிவிடுங்கள். இரண்டாவது அறிவிப்பில் மிச்சப் பேரும் கிளம்பிவிட வேண்டும். எந்த ஆபத்தாக இருந்தாலும் பொழுது சாயுமுன் நடையைக் கட்டுங்கள். இருட்டில் கரண்டும் இல்லாமல், எது சாலை எது சாக்கடை என்று தெரியாமல் நடப்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும். ஒரு அடியில் சின்ன கார் மிதக்கத் தொடங்கும்; இரண்டு அடியில் பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போய்விடும்.

கேள்வி: வீட்டில் ஐந்து பேர். எட்டு மாதக் குழந்தை, இன்சுலின் போட்டுக்கொள்ளும் மாமியார். அவசரப் பையில் என்னென்ன வைப்பது? போன முறை மூன்று பெட்டி கட்டி, ஒன்றைக்கூடத் தூக்க முடியவில்லை.
– ஒரு இல்லத்தரசி, முத்தியால்பேட்டை

பதில்: பெட்டி வேண்டாம். முதுகில் மாட்டும் பை மட்டும் போதும். இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். ஒரு கையில் குழந்தை இருக்கும், இன்னொரு கையால் மாமியாரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். பெரியவர் ஒருவருக்கு ஒரு பை, எடை 8 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. கட்டி முடித்ததும் மாட்டிக்கொண்டு மாடிப்படி இரண்டு முறை ஏறி இறங்கிப் பாருங்கள். மூச்சு வாங்கினால் எதையாவது எடுத்துவிடுங்கள்.

எடையில் முக்கால்வாசியைத் தின்பது தண்ணீர்தான். ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஆளுக்கு நாளுக்கு 3 லிட்டர் தேவை என்பது சரிதான், ஆனால் அந்தக் கணக்கு வீட்டிலேயே தங்குகிறவர்களுக்கு. ஐந்து பேருக்கு மூன்று நாளைக்கு 45 லிட்டர் ஆகிவிடும். முகாமுக்குப் போகிறவர்கள் ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டில் எடுத்தால் போதும். உணவு, அடுப்பில்லாமல் தின்னக்கூடியதாக இருக்கட்டும்: அவல், பொட்டுக்கடலை, வெல்லம், கடலைமிட்டாய், ரஸ்க். பிஸ்கட்டைவிட அவலும் வெல்லமும் வயிற்றில் நிற்கும். மாமியாருக்குச் சர்க்கரை குறைந்து மயக்கம் வந்தால் உடனே வாயில் போட ஒரு கைப்பிடி சர்க்கரையைத் தனிப் பொட்டலமாக அவர் கைப்பையிலேயே வையுங்கள்.

இன்சுலினில் எல்லாரும் பயப்படுவது வெப்பத்துக்கு. உறைந்து போனால்தான் அதைவிட மோசம்; உறைந்து உருகிய இன்சுலின் பார்க்க நன்றாக இருந்தாலும் வேலை செய்யாது. ஐஸ் கட்டியோடு ஒட்ட வைத்து எடுத்துப் போவது அதனால் தவறு. அகன்ற வாய் பிளாஸ்கில் குளிர்ந்த நீரைப் பத்து நிமிடம் ஊற்றி வைத்துக் கொட்டிவிட்டு, குப்பியைத் துணியில் சுற்றி உள்ளே வையுங்கள். முகாமில் ஐஸ் கிடைக்காவிட்டால் மண்சட்டியில் ஈர மணல் போட்டு, நடுவில் சின்ன டப்பாவுக்குள் குப்பியை வைத்து, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். மணல் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் குப்பி, 30 டிகிரிக்குள் இருந்தால் பெரும்பாலான வகைகளில் நான்கு வாரம் வரை தாங்கும். பத்து நாளுக்கான ஊசிகள், மருந்துச் சீட்டு, சர்க்கரை அளக்கும் கருவி எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். மற்ற மாத்திரைகளையும் பத்து நாளுக்கு எடுங்கள். ஸ்ட்ரிப்பைப் பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள். முகாமில் இருக்கும் டாக்டருக்கு மாத்திரையின் பெயர் தெரிய வேண்டும்.

குழந்தைக்குப் பால்புட்டி எடுக்க வேண்டாம். முகாமில் அதைக் கொதிக்க வைத்துக் கழுவ வழி இருக்காது. வயிற்றுப்போக்கு அங்கிருந்துதான் தொடங்கும். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். அலைச்சலில் பால் வற்றிவிடும் என்பார்கள், குழந்தை குடிக்கக் குடிக்கச் சுரக்கும். இணையுணவு ஊட்ட எவர்சில்வர் கிண்ணமும் ஸ்பூனும், பழகியிருந்தால் பால் புகட்டும் பாலாடையும் (சங்கு) எடுத்துக்கொள்ளுங்கள். வறுத்து அரைத்த சத்துமாவு அரை கிலோ, துணி நாப்கின் ஒரு டஜன், உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் ஆறு. ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும். குழந்தைக்குத்தானே என்று பாதி பாக்கெட்டை டம்ளரில் கலக்கினால் உப்பு கூடிவிடும். பாக்கெட் தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

துணிகளை ஆளுக்கு ஒரு செட், கறுப்புக் குப்பைப் பையில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒன்று, பட்டன் போன் ஒன்று, டார்ச், தனியே செல்கள், ஒரு விசில். செல்களை டார்ச்சுக்குள்ளேயே போட்டு மாதக்கணக்கில் வைத்தால் கசிந்து அரித்துவிடும். பணத்தை நூறு, ஐம்பது, பத்தாக வையுங்கள். டவர் இல்லாத ஊரில் ஜிபேயும் நடக்காது, ஐந்நூறுக்குச் சில்லறையும் கிடைக்காது. மாதவிடாய் நாப்கின், மூக்குக்கண்ணாடி, வீட்டுச் சாவி ஆகியவைதான் எல்லாக் குடும்பங்களிலும் மறந்துபோகிறவை. காலில் ரப்பர் செருப்பு போடாதீர்கள், சேற்றில் வழுக்கும். பின்வார் உள்ளதாகப் போடுங்கள்.

கேள்வி: வீட்டுப் பத்திரத்தை லேமினேட் செய்து வைத்தால் பயமில்லைதானே?
– ஒரு வாசகர், பண்ருட்டி

பதில்: செய்யாதீர்கள். ஓரத்தில் ஒரு சின்னப் பிரிவு இருந்தாலும் ஈரம் உள்ளே போய் வெளியேற வழியில்லாமல் பூஞ்சை பிடிக்கும். சூட்டில் ஒட்டியதைத் திரும்பப் பிரிக்கவும் முடியாது. முத்திரைத்தாளின் அசல் தன்மையைச் சோதிக்க வேண்டி வந்தால் அதுவும் சிக்கலாகும். ஜிப் வைத்த தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் ஒன்று, அதைச் சுற்றி இன்னொன்று என்று போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடினால் போதும்.

பத்திரத்தின் முதல் பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து வெளியூரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். ஆவண எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம் ஆகிய மூன்றும் தெரிந்தால், அசல் போனாலும் சான்றிட்ட நகல் வாங்கிவிடலாம். ஆதார், ஓட்டுநர் உரிமம், மதிப்பெண் பட்டியல் போன்றவற்றை டிஜிலாக்கரில் ஏற்றுங்கள். பட்டா, சிட்டாவை இணையத்தில் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும், ஆகவே அவசரத்தில் அதைத் தேடி நிற்க வேண்டாம்.

நனைந்துவிட்டால் வெயிலில் காய வைப்பதும் இஸ்திரி போடுவதும் கூடாது. தாள் முறுகி, மை உதிரும். ஒட்டிக்கொண்ட பக்கங்களை ஈரத்தோடு பிரிக்காதீர்கள். எழுத்தில்லாத வெள்ளைத் தாள்களை இடையிடையே வைத்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் ஆறவிடுங்கள். செய்தித்தாள் வைத்தால் அதன் மை பத்திரத்தில் ஏறும். கட்டுக்கட்டாக நனைந்து, உடனே பார்க்க நேரமில்லை என்றால் ஜிப் உறையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். பூஞ்சை பிடிக்காது, பிறகு நிதானமாக ஒவ்வொன்றாக எடுக்கலாம்.

கேள்வி: கிளம்பும்போது கேஸ், கரண்ட் எதை முதலில் நிறுத்துவது? எங்கள் தெருவில் ஒரு வீட்டில் சிலிண்டர் மிதந்து கதவை இடித்துக்கொண்டிருந்தது.
– ஒரு வாசகர், வில்லியனூர்

பதில்: முதலில் கேஸ். அடுப்பை மட்டும் அணைத்துவிட்டுப் போகிறார்கள், அது போதாது. நீங்கள் பார்த்த சிலிண்டர் காலி சிலிண்டர் என்றே பலரும் நினைப்பார்கள். 14.2 கிலோ கேஸ் நிரம்பிய சிலிண்டரின் மொத்த எடை ஏறக்குறைய 30 கிலோ. அதன் உள்கொள்ளளவோ 33 லிட்டருக்குச் சற்று மேல். அவ்வளவு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நிற்கும் பொருள் 33 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் மிதக்கத்தான் செய்யும். நிரம்பிய சிலிண்டரும் மிதக்கும். மிதந்து உருளும்போது ரப்பர் குழாய் இழுபட்டு ரெகுலேட்டர் பிய்ந்தால், மூடிய அறைக்குள் கேஸ் நிறைந்துவிடும். ஆகவே ரெகுலேட்டரைக் கழற்றுங்கள், பாதுகாப்பு மூடியைப் போட்டு அழுத்துங்கள், சிலிண்டரை நிமிர்த்தி நிறுத்தி ஜன்னல் கம்பியோடு கயிற்றால் இரண்டு இடத்தில் கட்டுங்கள். மேல்பிடி வளையத்தில் ஒரு கட்டு, இடுப்பில் ஒரு கட்டு. படுக்கவைக்கக் கூடாது. திரும்பி வந்ததும் வாசனை வந்தால் எந்த ஸ்விட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவைத் திறந்து போட்டுவிட்டு வெளியே வந்து 1906க்குச் சொல்லுங்கள்.

அடுத்து கரண்ட். மெயினை இறக்கிவிட்டால் முடிந்தது என்று நினைப்பது இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் ஆபத்து. மெயின் நின்றதும் இன்வெர்ட்டர் விழித்துக்கொண்டு அதே பிளக் பாயிண்டுகளுக்கு 230 வோல்ட் கொடுக்கும். தண்ணீர் அங்கே ஏறினால் வீடு முழுக்க மின்சாரம் பாயும். முதலில் மெயின், பிறகு இன்வெர்ட்டரின் சொந்த ஸ்விட்ச், அதன் பிறகு பேட்டரியின் ஒரு முனைக் கம்பி. மொட்டைமாடியில் சோலார் இருந்தால் அதன் தனி ஐசொலேட்டரையும் (இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இறக்குங்கள். வெயில் இருக்கும்வரை பலகையிலிருந்து வரும் கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். 150 ஏ.எச். பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும். இரண்டு பேர் சேர்ந்து, சாய்க்காமல் மேடைக்கு ஏற்றுங்கள், ஆசிட் சிந்தினால் கை வெந்துவிடும். தரையில் ஏற்கெனவே தண்ணீர் நிற்கிறது, மெயின் போர்டை அடைய அதில் நடக்க வேண்டும் என்றால் தொடாதீர்கள். மின்துறைக்குச் சொல்லித் தெருவையே நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடு. புயல் வீசும்போது ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தால் கூரை பறக்காது என்கிறார்களே?
– ஒரு வாசகர், பரங்கிப்பேட்டை

பதில்: தவறு. திறந்த ஜன்னல் வழியே புகும் காற்று கூரையைக் கீழிருந்து தூக்கும். மேலே ஓடும் காற்று இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் ஷீட்டைப் பிடித்திருக்கும் ஜே-ஹூக் கொக்கி தாங்காது. எல்லாவற்றையும் அடைத்து வைக்க வேண்டும். அதைவிட, ஷீட் கூரைக்குக் கீழே இருக்கவே வேண்டாம். 2011 டிசம்பர் 30 காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரையேறியபோது பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் அடியோடு சாய்ந்தன. ஷீட் எம்மாத்திரம்? கான்கிரீட் கட்டடத்துக்குப் போய்விடுங்கள்.

போகுமுன் மூன்று வேலை. தென்னையில் காய்ந்த மட்டையையும் முற்றிய காயையும் இறக்குங்கள். மாடியில் இருக்கும் சிண்டெக்ஸைக் காலியாக விடாதீர்கள். 500 லிட்டர் தொட்டி நிரம்பியிருந்தால் அரை டன், நகராது, காலியாக இருந்தால் பக்கத்துத் தெருவுக்குப் பறந்துவிடும். ஷீட் மேல் மணல் மூட்டை போடுகிறவர்கள் சுவருக்கு நேர் மேலே போடுங்கள். நடுவில் போட்டால் ஷீட்டே உடைந்து உள்ளே விழும்.

காற்று சட்டென்று நின்று வானம் வெளுத்தால் புயலின் கண் தலைக்கு மேல் இருக்கலாம். பத்து நிமிடமோ, அதைவிடக் கூடுதலாகவோ அமைதி நிற்கும். அதுவரை வடக்கிலிருந்து அடித்த காற்று, அடுத்து தெற்கிலிருந்து அதே வேகத்தில் வரும். பாதி பிடுங்கிய மரம் அப்போதுதான் விழும். அதிகாரிகள் சொல்லும்வரை வெளியே வரக் கூடாது.

கேள்வி: துறைமுகத்தில் ஏற்றும் கூண்டு எண்களுக்கு என்ன பொருள்? மூன்றாம் எண் என்றால் ஊரைக் காலி செய்ய வேண்டுமா?
– ஒரு மாணவர், கடலூர் முதுநகர்

பதில்: 1, 2 என்றால் ஆபத்து தூரத்தில், நடுக்கடலில். 3, 4 உள்ளூர் எச்சரிக்கை. 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 7, 10 என்றால் புயல் துறைமுகத்தின் மேலோ வெகு அருகிலோ கடக்கும். மற்றவை எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதைச் சொல்லும். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது. இவை கப்பலுக்கும் படகுக்கும் சொல்லும் மொழி. ஊரைக் காலி செய்யச் சொல்வது மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்புதான். மூன்றாம் எண் ஏறினால் படகை மேட்டுக்கு இழுத்துக் கட்டலாம், என்ஜினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவரலாம். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: நம் கரைக்குக் கிழக்கிலிருந்து வரும் புயலில், அது கடக்கும் இடத்துக்கு வடக்கே இருக்கும் ஊர்களில்தான் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசிக் கடலை உள்ளே தள்ளும். கடலூரில் கடக்கிறது என்றால் புதுச்சேரிக் கடலோரம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

கேள்வி: படுக்கையில் இருக்கும் அப்பாவை எப்படித் தூக்கிப் போவது? "நான் வரவில்லை, நீங்கள் போங்கள்" என்று வேறு அடம்பிடிக்கிறார்.
– ஒரு வாசகி, பாகூர்

பதில்: அவரை அழைத்துப் போக வேண்டியது முதல் அறிவிப்பு வந்த அன்று, நல்ல வெளிச்சத்தில், ஆட்டோவில். தண்ணீர் வந்த பிறகு தூக்குவது அவருக்கும் வலி, தூக்குகிறவர்களுக்கும் ஆபத்து. "முகாமுக்கு" என்று சொன்னால் பல முதியவர்கள் மறுப்பார்கள். அங்கே மலஜலம் கழிப்பது எப்படி என்ற கூச்சமே பாதிக் காரணம். பெட்பேனையும் யூரின் பாட்டிலையும், மறைப்புக்கு ஒரு பழைய புடவையையும் கண்ணெதிரே பையில் வைத்துக் காட்டுங்கள். மகள் வீடு, தங்கை வீடு என்று போக இடம் இருந்தால் அதுவே நல்லது.

தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால், கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலி. பிளாஸ்டிக் நாற்காலியானால் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள், ஒடியும். இருக்கைக்கு அடியில் இருவர் பிடிக்க வேண்டும். இடுப்பையும் நெஞ்சையும் துண்டால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டி, கொஞ்சம் பின்னால் சாய்த்தபடி போங்கள். உட்காரவே முடியாதவர் என்றால் தடித்த ஜமக்காளத்தை விரித்து, இரண்டு ஓரத்தையும் உடம்பை ஒட்டிச் சுருட்டி, பக்கத்துக்கு இருவராக நான்கு பேர். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் பையை எப்போதும் அவர் இடுப்புக்குக் கீழே வைத்திருங்கள். வயிற்றின் மேல் வைத்துத் தூக்கினால் சிறுநீர் திரும்ப உள்ளே போகும். காற்றுப் படுக்கைக்கு அங்கே கரண்ட் இருக்காது, இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்க ஆள் வேண்டும்.

உதவிக்கு 112, 1077, ஆம்புலன்ஸுக்கு 108. உங்கள் பக்கம் புதுச்சேரி ஊரும் கடலூர் மாவட்ட ஊரும் மாறி மாறி வருவதால், போனை எடுத்தவரிடம் முதல் வார்த்தையாக ஊர், கொம்யூன் (புதுச்சேரியின் உள்ளாட்சிப் பிரிவு), எந்த மாநிலம் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இரண்டு கறவை மாடு, நான்கு ஆடு. முகாமுக்கு ஓட்டிப் போக முடியாது. என்ன செய்வது?
– ஒரு விவசாயி, குறிஞ்சிப்பாடி

பதில்: மேட்டுக்கு ஓட்ட முடிந்தால் முன்பே ஓட்டிவிடுங்கள். முடியாமல் நீங்கள் மட்டும் கிளம்புவதானால், ஒரே ஒரு காரியம் மறக்கக் கூடாது: கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். மாடு நன்றாக நீந்தும். வெள்ளத்தில் சாகும் மாடுகளில் பல, கட்டுத்தறியிலேயே கட்டிக் கிடந்தவை. மூக்கணாங்கயிற்றில் நீண்ட தலைக்கயிறு தொங்கவிட்டாலும் முள்வேலியில் சிக்கும், அதையும் கழற்றுங்கள். கொட்டகைக் கதவைத் திறந்து கட்டி வையுங்கள், காற்றில் அது மூடிக்கொள்ளக் கூடாது. மேட்டில் கட்டும் மாட்டுக்கு நாளுக்கு 5, 6 கிலோ காய்ந்த வைக்கோல் வேண்டும். போரின் மேல் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். நனைந்து பூஞ்சை பிடித்த வைக்கோலைப் போட்டால் வெள்ளத்தில் பிழைத்த மாடு வயிறு கெட்டுச் சாகும். தொண்டை அடைப்பான் தடுப்பூசியை மழைக்காலத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள். காது வில்லை எண் தெரியும்படி ஒவ்வொரு மாட்டோடும் நீங்கள் நிற்கும் படம் ஒன்று கைபேசியில் இருக்கட்டும். இறந்துபோனால் புதைக்குமுன் கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும், விஏஓவுக்கும் சொல்ல வேண்டும். நிவாரணத்துக்கு அது இல்லாமல் நடக்காது.

கேள்வி: சிப்காட் ஆலைகள் பக்கத்தில் இருக்கிறோம். நள்ளிரவில் நெடி அடித்துக் கண் எரிந்தால் ஓடுவதா, வீட்டுக்குள் இருப்பதா?
– ஒரு வாசகர், குடிகாடு

பதில்: காற்று எங்கிருந்து வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. ஒரு துணியை உயர்த்திப் பிடியுங்கள். நெடி வரும் திசைக்கு எதிரேயும் ஓடக் கூடாது, காற்று போகும் திசையிலேயும் ஓடக் கூடாது. காற்றுக்குக் குறுக்காக விலக வேண்டும். நம் கரையில் காற்று பெரும்பாலும் பகலில் கடலிலிருந்தும், இரவில் நிலத்திலிருந்து கடலுக்கும் வீசும். அப்படிப்பட்ட நாளில் குறுக்காக என்றால் வடக்கு அல்லது தெற்கு, ஆலைக்கு எதிர்ப்பக்கமாக. பருவமழைக் காலத்தில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும், அப்போது கணக்கு மாறும். அதனால்தான் துணியைப் பிடித்துப் பார்க்கச் சொல்கிறோம்.

நெடி ஏற்கெனவே தெருவில் நிறைந்துவிட்டால் ஓடாதீர்கள். ஓடும்போது மூச்சு பெரிதாக வாங்கும், கூடுதலாக உள்ளே போகும். கதவு, ஜன்னலை அடைத்து, இடுக்கில் ஈரத் துண்டைச் செருகி, ஏசியையும் எக்ஸாஸ்ட் விசிறியையும் நிறுத்துங்கள். குளோரின் போன்ற கனமான வாயு தரையோடு தங்கும், மாடி அறை இருந்தால் அங்கே போங்கள். குழந்தைகளைத் தரையில் படுக்கவைக்காதீர்கள். மூக்கில் ஈரத்துணி. கண்ணைத் தேய்க்காமல் வெறும் தண்ணீரால் 15 நிமிடம் கழுவுங்கள்.

கேள்வி: சுனாமிக்கு எத்தனை மணி நேரம் அவகாசம் கிடைக்கும்?
– ஒரு வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவில் நிலம் அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.29க்கு. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது, சொல்லத்தான் ஆளில்லை. இப்போது ஹைதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. ஆனாலும் கடல் திடீரென்று உள்வாங்கி மணல் தெரிந்தால் எந்த அறிவிப்புக்கும் காத்திருக்காமல் மேற்கே ஓடுங்கள், அல்லது கான்கிரீட் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு. முதல் அலையோடு முடியாது. அடுத்தது பெரிதாகவும் வரலாம். படகைப் பார்க்க, வலையை எடுக்கத் திரும்பியவர்களை இரண்டாவது அலை பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: தண்ணீர் வடிந்து வீடு திரும்பியதும் கிணற்றுத் தண்ணீரை எப்போது குடிக்கலாம்?
– ஒரு இல்லத்தரசி, ஆல்பேட்டை

பதில்: உடனே மோட்டாரைப் போடாதீர்கள். நனைந்த மோட்டாரை எலக்ட்ரீஷியன் கழற்றி உலர்த்திப் பார்த்த பிறகுதான் போட வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் எரியும், உடம்பிலும் ஷாக் அடிக்கும். வீட்டுக்குள் காலெடுத்து வைக்குமுன் நீண்ட கம்பால் அலமாரிக்கு அடியிலும், குவிந்த துணியிலும் தட்டுங்கள். மேடு தேடி வந்த பாம்பு அங்கேதான் சுருண்டிருக்கும். கடித்தால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் அரசு மருத்துவமனைக்கு.

கிணற்றை முதலில் முடிந்தவரை இறைத்து, வண்டலை அள்ளுங்கள். புதிதாக ஊறிய தண்ணீருக்குத்தான் பிளீச்சிங் பவுடர். கணக்கு எளிது: கிணற்றின் குறுக்களவு 2 மீட்டர், தண்ணீர் 3 மீட்டர் ஆழம் என்றால் ஏறக்குறைய 9,400 லிட்டர். வழக்கமாக ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம், வெள்ளத்துக்குப் பிறகு அதை இரட்டிப்பாக்குங்கள்; ஆக, சுமார் 50 கிராம். பவுடரைப் பழைய டப்பாவிலிருந்து எடுக்காதீர்கள், திறந்து கிடந்தால் குளோரின் பறந்துவிடும். புதிதானால் மூடியைத் திறந்ததும் மூக்கைத் தாக்கும். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, முக்கால் வாளி நிரப்பி, பத்து நிமிடம் தெளியவிடுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்ட வேண்டாம். தெளிந்த நீரை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றி, அந்த வாளியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுத் தண்ணீருக்குள் இறக்கி, நாலைந்து முறை மேலும் கீழும் ஆட்டுங்கள். ஒரு மணி நேரம் தொடாதீர்கள். அதன் பிறகும் குடிக்கும் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்தே குடியுங்கள்.